காலடி எண்ணவா, நாடி பார்க்கவா: யாழ்ப்பாணத்து உடற்பயிற்சிக்கு எந்தக் கருவி?

நகரிலிருந்து காங்கேசன்துறைக்குச் சைக்கிளில் போய்த் திரும்பினால் சுமார் 36 கிலோமீற்றர். வியர்த்து வழிய வந்து இறங்கிக் கைப்பட்டியைப் பார்த்தால் காலடிக் கணக்கில் சில நூறுதான் கூடியிருக்கும். அதே பட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு தேங்காய் திருவினால் இருந்த இடத்திலேயே காலடி ஏறும். பட்டியில் பழுதில்லை. உள்ளே அசைவை உணரும் சில்லு ஒன்று இருக்கிறது. விநாடிக்கு ஒன்றிலிருந்து மூன்று தடவை கை ஒரே சீராக ஆடினால் அதை நடை என்று எடுத்துக்கொள்ளும். சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்த கை ஆடாது, திருவலையில் கை ஆடும். அதன் அறிவு அவ்வளவுதான்.

ஆகவே கடைக்குப் போகமுன் ஒரு கிழமையில் உங்கள் உடம்பு எதில் வேர்க்கிறது என்று பாருங்கள். பண்ணைக் கடற்கரையில் விடியக்காலை நடையா, சைக்கிளா, முற்றவெளியில் ஓட்டமா, பின்னேரம் வொலிபோலா? இவற்றை அளக்க நாலு வழி உண்டு: கையில் ஏற்கெனவே இருக்கும் போன், ஸ்மார்ட் பாண்ட் என்று கடையில் கேட்கும் கைப்பட்டி, ஜிபிஎஸ் மணிக்கூடு, போனோடு சேர்ந்து வேலை செய்யும் நெஞ்சுப்பட்டி.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நடப்பவருக்குக் கைப்பட்டி தாராளமாகப் போதும். சைக்கிள்காரர் மணிக்கூட்டுக்குக் கொடுக்கும் காசில் பாதியளவில் நெஞ்சுப்பட்டி வாங்கிப் போனோடு இணைத்தால் அதைவிடத் திருத்தமான கணக்குக் கிடைக்கும். ஜிபிஎஸ் மணிக்கூடு, போனை வீட்டில் விட்டுவிட்டு கிழமைக்கு மூன்று நாளாவது ஓடுபவருக்கு மட்டுமே. விலை டொலரோடு சேர்ந்து ஆடுவதால் ரூபாய்க் கணக்கு இங்கே தரவில்லை. விகிதம் அவ்வளவாக மாறாது: நல்ல கைப்பட்டி ஒரு பங்கென்றால் நெஞ்சுப்பட்டி ஒன்றிலிருந்து இரண்டரைப் பங்கு, ஜிபிஎஸ் மணிக்கூடு நாலைந்து பங்குக்குக் குறையாது.

போன் மட்டும்

ஐபோனில் ஹெல்த் செயலி சொல்லாமலே காலடி எண்ணிக்கொண்டிருக்கிறது. அண்ட்ரொயிட் போன்களிலும் கூடவே வரும் சுகநலச் செயலி அதைச் செய்யும். காற்சட்டைப் பையில் இறுக்கமாகப் போன் இருக்கும்வரை இந்த எண்ணிக்கை கைப்பட்டிக்குச் சளைத்ததல்ல.

சிக்கல், எங்கள் உடுப்பில் பையில்லாததுதான். வேட்டியோடு கோயிலுக்குப் போனால் போன் மடியில் சொருகப்படும், அல்லது வீட்டிலேயே கிடக்கும். சேலையென்றால் கைப்பைக்குள் போகும். கைப்பை தோளில் ஆடும் ஆட்டம் காலின் ஆட்டமல்ல. சாரத்தோடு வளவைச் சுற்றி வேலை செய்பவரின் போன் விறாந்தை மேசையில் இருக்கும். நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் வெறுங்காலோடு மணலில் வீதிவலம் வருபவருக்கு வருடத்திலேயே மிகக் கூடிய நடை அந்த நாட்களில்தான் விழும். போன் அதில் பாதியைக்கூடக் கண்டிராது.

தூரத்துக்குப் போனின் ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்யும். ஆனால் திரை அணைந்ததும் பல அண்ட்ரொயிட் போன்கள் பற்றரியைச் சேமிக்கவென்று பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் 6 கிலோமீற்றர் நடை ஒன்றரைக் கிலோமீற்றரில் நின்றிருக்கும், அல்லது வரைபடத்தில் வீடுகளை ஊடறுத்து ஒரு நேர்கோடு கிடக்கும். இதற்கு மருந்து, போனின் அமைப்புகளில் அந்தச் செயலியைத் திறந்து அதற்குப் பற்றரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்றும், இருப்பிடத்தை எப்போதும் பார்க்கலாம் என்றும் தெரிவு செய்வது. கைப்பட்டியின் செயலிக்கும் இதே வேலை தேவை. "பட்டி போனோடு இணையமாட்டேன் என்கிறது" என்ற முறைப்பாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு அமைப்பால் வருவது.

எதையும் வாங்கமுன் இரண்டு கிழமை போனை மட்டும் வைத்து நடந்து பாருங்கள். இரண்டு கிழமையில் நாலு நாள்கூட நடை நடக்கவில்லையென்றால் பட்டி வந்தும் அது நடக்கப்போவதில்லை. லாச்சிக்குள் கிடக்கும் பழைய சார்ஜர்களுக்கு ஒரு துணை கிடைக்கும்.

கைப்பட்டி

பின்பக்கம் பச்சை வெளிச்சம் மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறையும்போது திரும்பிவரும் ஒளியும் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடி காட்டப்படுகிறது. தோலுக்கும் பட்டிக்கும் இடையில் வெளிவெளிச்சம் புகுந்தாலோ பட்டி வழுக்கினாலோ கணக்குப் பிழைக்கும். கறுத்த தோலில் உள்ள நிறமியும் பச்சை ஒளியை உறிஞ்சுவதால் எங்களுக்கு மிஞ்சும் சமிக்ஞை கொஞ்சம் மெல்லியது. எனவே கட்டும் விதத்தில் கவனம் கூடத் தேவை.

கட்டவேண்டிய இடம் மணிக்கட்டு எலும்பின்மேல் அல்ல. சாதாரண நேரத்தில் எலும்புக்கு மேலே ஒரு விரல் அகலம், பயிற்சியின்போது இரண்டு விரல் அகலம் முழங்கைப் பக்கமாக. தள்ளிப் பார்த்தால் பட்டியோடு தோலும் சேர்ந்து அசையவேண்டும். கழற்றினால் ஆழமான தழும்பு இருக்கக்கூடாது. எழுதாத கையில் கட்டி, செயலியிலும் அந்தக் கையையே குறியுங்கள். காப்புப் போடும் கையில் கட்டினால் காப்பு ஓயாமல் தட்டும்; மற்றக் கைக்கு மாற்றுவது நல்லது.

முதல் நாளே இரண்டு சோதனை செய்யுங்கள். வாயால் எண்ணிக்கொண்டு 200 அடி நடவுங்கள். பட்டி 190க்கும் 210க்கும் இடையில் காட்டினால் திருப்திதான். பிறகு ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, மற்றக் கை மணிக்கட்டில் நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பட்டி காட்டுவதோடு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கட்டும் இடத்தை மாற்றித் திரும்பப் பாருங்கள். வாழைத்தண்டிலோ கடுதாசிச் சுருளிலோ கட்டி, "இதற்கும் நாடி காட்டுகிறது, போலி" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சோதனை செல்லாது. நல்ல கருவிகளும் திரும்பிவரும் ஒளியின் தளம்பலை நாடியென்று எடுத்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டக்கூடும். போலியைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது: ஒரு நிமிடம் இருந்தெழும்புங்கள். நாடி ஏறவேண்டும், நின்றபின் ஒரு நிமிடத்துக்குள் மெல்ல இறங்கத் தொடங்கவேண்டும். எதைச் செய்தாலும் 72க்கும் 80க்கும் இடையிலேயே நிற்கும் பட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

நல்ல பட்டியிலும் வரும் பிழை ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வேகமாக நடக்கும்போது கை ஆடும் தாளம் ஒளிச் சமிக்ஞையை மூடிவிட, கருவி நாடிக்குப் பதிலாகக் காலடியையே எண்ணிவிடும். நிமிடத்துக்கு 120 அடி வைத்து நடப்பவருக்கு நாடியும் 120 என்று அசையாமல் நிற்கும். சந்தேகம் வந்தால் சட்டென்று நில்லுங்கள். உண்மையான நாடி ஆறுதலாக இறங்கும், காலடியிலிருந்து எடுத்த போலி நாடி சில விநாடியில் வேறொரு எண்ணுக்குப் பாயும். பட்டியை ஒரு ஓட்டை இறுக்கி, இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினால் பெரும்பாலும் சரிவரும்.

நடை தொடங்கும்போது பயிற்சி முறையைக் கையால் அழுத்தித் தொடங்குங்கள். தானாகக் கண்டுபிடிக்கும் வசதி பெரும்பாலும் பத்து நிமிடத் தொடர்நடைக்குப் பிறகே விழித்துக்கொள்ளும். இருபது நிமிடம் நடப்பவருக்கு அதில் பாதி போய்விடக்கூடும். பயிற்சி முறையில் நாடி இடைவிடாமல் பார்க்கப்படும், ஆகவே மற்ற நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று அமைக்கலாம். நாள் முழுக்க ஒட்சிசன் பார்ப்பதையும், கையைத் தூக்கியவுடன் திரை எரிவதையும் நிறுத்தினால் ஒரு சார்ஜ் பல நாள் கூட நிற்கும்.

மலிவான பட்டிகளில் பெரும்பாலும் ஜிபிஎஸ் இருக்காது. பெட்டியில் ஜிபிஎஸ் என்று போட்டிருந்தாலும் அது போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குவதாக இருக்கலாம். போனை வீட்டில் விட்டால் உங்கள் உயரத்திலிருந்து ஊகித்த காலடி நீளத்தால் எண்ணிக்கையைப் பெருக்கி ஒரு தூரம் சொல்லும். உயரத்தை 0.41ஆல் பெருக்குவது பொதுவான ஊகம்: 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு சுமார் 66 சென்ரிமீற்றர். இதைத் திருத்த, வீதியோரக் கிலோமீற்றர் கல் ஒன்றிலிருந்து அடுத்ததுவரை நடந்து காலடியை எண்ணுங்கள். 1,450 அடி வந்தால் உங்கள் அடி 69 சென்ரிமீற்றர். காலடி நீளத்தைத் திருத்தவிடும் செயலியென்றால் அதை அங்கே போட்டுவிடலாம்.

தண்ணீர். பட்டியில் 5 ஏரிஎம் (5 ATM) என்றிருந்தால் கீரிமலைக் கேணியிலோ காரைநகர் கசூரினாவிலோ குளிக்கப் பயமில்லை. 50 மீற்றர் ஆழத்துக்குச் சுழியோடலாம் என்பது அதன் பொருளல்ல; அசையாத தண்ணீரில் அந்த அளவு அழுத்தம் தாங்கியது என்பதே. கடலில் இறங்கினால் ஏறியவுடன் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். சவர்க்காரம், ஷாம்பு, வெந்நீர் மூன்றும் நீர் புகாமல் காக்கும் இறப்பர் வளையத்தைக் காலப்போக்கில் கெடுக்கும். குளியலுக்குக் கழற்றிவிடுவது நல்லது.

குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லூடாக வருவது. கேத்தலுக்குள் படியும் அதே வெள்ளைப் படிவு, வியர்வை உப்போடு சேர்ந்து பட்டியின் பின்பக்கக் கண்ணாடியிலும் சார்ஜ் ஏறும் இரண்டு பொட்டுகளிலும் படியும். "சார்ஜ் ஏறுதில்லை" என்று கடைக்குக் கொண்டுபோகமுன் மென்மையான பல்துலக்கும் பிரஷை வடித்த தண்ணீரில் தோய்த்து அந்தப் பொட்டுகளைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். கத்தி முனையால் சுரண்டினால் பூச்சுப் போய் பச்சை பிடிக்கும். திருநீறு, சந்தனம், தேங்காயெண்ணெய் மூன்றும் சென்சர்க் கண்ணாடியில் அடிக்கடி காணப்படும் உள்ளூர்ப் பொருட்கள்; நாடி சரியாக வராத கருவிக்கு முதல் வைத்தியம் ஒரு துடைப்பு.

பட்டிக்குக் கீழே தோல் சிவந்து வேர்க்குருப் போல வந்தால் அது பெரும்பாலும் அடைபட்ட வியர்வையும் கழுவாமல் விட்ட சவர்க்காரமும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் கழற்றி வையுங்கள், கையை மாற்றிக் கட்டுங்கள். வெய்யில் காலத்தில் சிலிக்கோனுக்குப் பதிலாக நைலோன் வார் சுகம். வொலிபோல், அதன் உள்ளூர் வகையான ஓவர்கேம் ஆடும்போது கழற்றுங்கள். பந்து விழுவது நேரே அந்த இடத்தில்தான்.

சைக்கிளுக்கு நெஞ்சுப்பட்டி

இந்த ஊரில் உடற்பயிற்சி என்று பெயரில்லாமல் நடக்கும் உடற்பயிற்சி சைக்கிள். அதை அளப்பதில்தான் மணிக்கட்டுக் கருவிகள் தடுமாறுகின்றன. ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடிந்து இரத்த ஓட்டம் மாறுகிறது, ஒழுங்கையின் குலுக்கல் முழுதும் கைக்கு வருகிறது. பச்சை வெளிச்சம் இதற்குள் நாடியைத் தேடவேண்டும்.

நெஞ்சுப்பட்டி ஒளியைப் பார்ப்பதில்லை. இதயத்தின் மின்துடிப்பையே, ஈசிஜி எடுப்பதுபோல, இரண்டு மின்வாய்களால் பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாத நாடிக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்த காலந்தொட்டு அடிப்படை மாறவில்லை. குலுக்கலும் பிடியும் அதைப் பாதிப்பது குறைவு. நாடி ஏறும்போது உடனே காட்டும். மணிக்கட்டுக் கருவி பல விநாடி பிந்தும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு காரணம் காற்று. நிலம் தட்டை, ஏற்றம் இறக்கம் கிடையாது. எங்கள் மலை சோழகக் காற்றுத்தான். அது வீசும் மாதங்களில் காற்றை எதிர்த்து மணிக்கு 14 கிலோமீற்றரில் மிதிப்பவர், காற்றோடு 22இல் வருபவரைவிடக் கூட உழைக்கக்கூடும். ஜிபிஎஸ் வேகத்தைத்தான் பார்க்கும், அதற்குக் காற்றுத் தெரியாது. போகும்போது சோம்பல், வரும்போது வீரம் என்று எழுதிவைக்கும். நாடிக்கு இரண்டும் தெரியும். சைக்கிளில் வேகத்தை விட்டுவிட்டு நாடியைப் பார்த்து மிதியுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பாவிக்கும் முறை இது. மின்வாய்ப் பகுதி இரண்டையும் தண்ணீரால் ஈரமாக்குங்கள். மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே, எழுத்து நேராக இருக்கும்படி, மூச்சு இழுத்தாலும் வழுகாத இறுக்கத்தில் கட்டுங்கள். ஈரமில்லாமல் கட்டினால் முதல் சில நிமிடம் 200க்கு மேல் பாயும் கிறுக்கு எண்கள் வரும். (இங்கத்தைய வெய்யிலில் இரண்டு நிமிடத்தில் வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடும் என்பது வேறு விசயம்.) இணைக்கும்போது போனின் புளூரூத் பட்டியலுக்குள் போய் இணைக்கவேண்டாம். பலர் விடும் பிழை இது. அங்கே பிடித்துக்கொண்டால் செயலிக்குப் பட்டி அகப்படாமல் போகலாம். ஓட்டத்தையும் சைக்கிளையும் பதியும் ஸ்ட்ராவா போன்ற செயலியைத் திறந்து, அதன் அமைப்புகளுக்குள் இருக்கும் சென்சர் பகுதியிலிருந்து தேடுங்கள். இலவசக் கணக்கே போதும்.

முடிந்ததும் முன்பக்கத்திலுள்ள சென்சர்க் குமிழைக் கழற்றிவிடவேண்டும். ஈரமான பட்டியில் மாட்டியபடி விட்டால், அது இன்னும் ஆளின் நெஞ்சில் இருப்பதாக நினைத்துப் பற்றரியைத் தின்னும். பட்டியை அலசி நிழலில் தொங்கவிடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். உள்ளே போடுவது பொத்தான் பற்றரி. பெரும்பாலானவை சிஆர்2032 எடுக்கும், போலார் எச்10 சற்று மெல்லிய சிஆர்2025 எடுக்கும். மணிக்கூடு திருத்தும் கடைகளில் இரண்டும் கேட்கலாம், ஆனால் மாறிப் போடக்கூடாது.

குறையும் உண்டு. நாள் முழுக்கக் கட்டமுடியாது, நித்திரை, காலடி எதுவும் பார்க்காது. நடப்பவருக்கு இது வீண் செலவு.

ஜிபிஎஸ் மணிக்கூடு

ஓடுபவருக்கு இதன் அருமை தெரியும்: கையில் எதுவுமில்லாமல் புறப்பட்டு, ஒவ்வொரு கிலோமீற்றரும் எத்தனை நிமிடம் என்று கையைப் பார்த்தே அறியலாம். மற்றவர்களுக்கு இதன் வசதிகளில் பாதி தூங்கும்.

காசு கொடுக்கத் தேவையில்லாத இரண்டை மட்டும் சொல்கிறோம். ஒன்று, காற்றழுத்தத்தால் உயரம் பார்க்கும் மானி. மாடி ஏறியது, மலை ஏறியது எல்லாம் அதுதான் சொல்லும். குடாநாட்டில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? மற்றது, இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ். உயர்ந்த கட்டடங்களுக்கும் மலைப்பள்ளங்களுக்கும் இடையில் சமிக்ஞை தெறித்துக் குழம்பும் இடங்களுக்காக வந்தது அது. இங்கே தலைக்குமேல் வானம் திறந்திருக்கிறது. சாதாரண ஜிபிஎஸ்ஸே சில மீற்றருக்குள் நிற்கும். கார்மின் ஃபோர்ரன்னர் 55 போன்ற பழைய, எளிய வகையில் உயரமானி இல்லை என்று இணையத்தில் குறை சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக்கு அது குறையே அல்ல. ஜிபிஎஸ் ஓடும்போது 20 மணித்தியாலம் நிற்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ஓட்டத்துக்கு அது மிச்சம். அப்பிள் வாட்ச் போன்றவை ஒரு நாளைக்குமேல் நிற்பது அரிது. மின்வெட்டு வந்த இரவின் மறுநாள் விடிய ஓடப் புறப்படுபவர் அதை யோசிக்கவேண்டும்.

400 மீற்றர் வட்டத்தில் ஓடும்போது ஜிபிஎஸ்ஸை நம்பவேண்டாம். வளைவுகளை அது வெட்டி எடுக்கும், அல்லது அகட்டிப் போடும். வட்டத்தை எண்ணுவதே சரி. எந்த இடத்திலும், செய்மதி அகப்பட்டது என்று மணிக்கூடு சொன்னபிறகே ஓடத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முதல் இருநூறு முந்நூறு மீற்றர் காணாமற்போகும்.

எந்த எண்ணை எடுப்பது, எதை விடுவது

பத்தாயிரம் அடி வைத்தியர்கள் வகுத்த அளவல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானியின் பெயரே "பத்தாயிரம் அடி மானி". அங்கிருந்து பரவியது அது. 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் வயதான பெண்களில் நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு வீதமே 2,700 நடந்தவர்களைவிடக் குறைந்திருந்தது; சுமார் 7,500க்குப் பிறகு மேலதிக நன்மை தட்டையாகியது. 5,000 நடக்கும் அம்மாவிடம் பட்டி ஒவ்வொரு இரவும் "இலக்கு எட்டவில்லை" என்று சொல்லவேண்டியதில்லை. இலக்கை 6,000க்கு மாற்றிவிடுங்கள், அது இரண்டு தட்டில் முடியும் வேலை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 தொடக்கம் 150 நிமிடம் கடும் பயிற்சி. நடையில் மிதம் என்பது நிமிடத்துக்கு 100 அடி அளவு. அரை மணித்தியாலத்தில் 3,000 அடி ஏறினால் அது பயிற்சி. அதே 3,000 நாள் முழுக்கச் சந்தையிலும் அடுப்படியிலும் சிதறி ஏறியிருந்தால் நல்லதுதான், ஆனால் இந்தக் கணக்கில் சேராது.

நாடியில் மிதம் என்பது உச்ச நாடியின் 64 தொடக்கம் 76 வீதம். உச்ச நாடிக்கு 220இலிருந்து வயதைக் கழிப்பது பழைய வழி. ஐம்பது வயதுக்கு 170, மிதம் 109க்கும் 129க்கும் இடையில். இது சராசரி மட்டுமே, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். பிறசருக்கோ இதயத்துக்கோ அற்றெனலோல், பிசோப்ரோலோல் போன்ற பீற்றா தடுப்புக் குளிசை எடுப்பவருக்கு இந்தக் கணக்கு அறவே பொருந்தாது. குளிசையே நாடியை அடக்கி வைத்திருக்கும். பட்டி "இன்னும் வேகம்" என்று தூண்டினால் அதைக் கேட்கக்கூடாது. அவர்களுக்குக் கதைத்துப் பார்ப்பதே அளவு: நடந்துகொண்டு கதைக்க முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதம்.

சித்திரை வைகாசி வெய்யிலில் அதே பாதையை அதே வேகத்தில் நடந்தும் நாடி பத்துப் பதினைந்து கூடக் காட்டினால் கருவியைச் சந்தேகிக்கவேண்டாம். உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையால் நீர் குறைகிறது, இதயம் அதைத் துடிப்பைக் கூட்டி ஈடுசெய்கிறது. நாடியை அதே எல்லையில் வைத்து வேகத்தைக் குறைப்பதே முறை.

கலோரிக் கணக்கைப் பார்க்காமல் விடலாம். ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது ஆறில் நாடியின் பிழை 5 வீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ மிகத் திருத்தமானதன் பிழையே சராசரி 27 வீதம், மோசமானது 93 வீதம். 60 கிலோ எடையானவர் அரை மணித்தியாலம் மிதமாக நடந்தால் செலவாவது 105 கிலோகலோரி அளவு. பட்டி 180 என்று காட்டியதை நம்பி வழியில் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

குத்தாமலே இரத்தத்தில் சீனி பார்க்கும் என்று விற்கும் மணிக்கூடுகளை வாங்கவேண்டாம். அப்படித் தானாகவே சீனி அளக்கும் எந்த மணிக்கூட்டுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலினையோ குளிசையையோ கூட்டிக் குறைப்பது உயிராபத்து. மலிவுப் பட்டிகள் காட்டும் பிறசரும் இதே இனம். கைக்குக் காற்றடிக்கும் கருவியால் பார்த்தது மட்டுமே பிறசர். நித்திரைப் புள்ளி, மனவழுத்தப் புள்ளி எல்லாம் பொழுதுபோக்கு.

ஒரு எண்ணை மட்டும் குறித்து வையுங்கள்: விடிய எழும்பமுன் உள்ள ஓய்வு நாடி. மாதக்கணக்கில் நடந்தால் அது மெல்ல இறங்கும். வழமையைவிட ஏழெட்டு ஏறி நிற்கும் நாளில் காய்ச்சல் வரப்போவதாகவோ நித்திரை போதாததாகவோ இருக்கலாம்; அன்றைக்குக் கடும் பயிற்சி வேண்டாம்.

கனடாவிலிருந்து வந்த பெட்டி

இங்கே பாதிப் பேருக்குத் தெரிவு செய்யும் வேலையே இல்லை. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் மருமகன் தன் பழைய மணிக்கூட்டைக் கழற்றித் தந்துவிட்டுப் போவார். அவர் விமானம் ஏறமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு: அவருடைய போனிலிருந்தே மணிக்கூட்டை நீக்கி, கணக்கிலிருந்து விடுவித்து, ஆரம்ப நிலைக்குத் திருப்பவேண்டும். அப்பிள் வாட்சில் இதைச் செய்யாவிட்டால் அவருடைய கடவுச்சொல் இல்லாமல் இங்கே திறக்கவே முடியாது. அதற்கு ஐபோனும் வேண்டும், அண்ட்ரொயிட்டோடு இணையாது.

பிறகு மைலைக் கிலோமீற்றராகவும் இறாத்தலைக் கிலோகிராமாகவும் மாற்றி, உங்கள் வயது, உயரம், எடையைப் போடுங்கள். மருமகனின் 34 வயது உள்ளே இருந்தால் 62 வயதானவருக்கு நாடி எல்லை முழுதும் பிழைக்கும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டிவந்த ஜிபிஎஸ் முதல் தடவை செய்மதியைப் பிடிக்கப் பல நிமிடம் எடுக்கும். செயலியோடு ஒருமுறை இணைத்துவிட்டு வெளிமுற்றத்தில் வைத்துப் பொறுத்திருங்கள், பழுதென்று முடிவுகட்டவேண்டாம். தமிழ்க் குறுஞ்செய்தி வெறும் சதுரங்களாகத் தெரிந்தால் அந்த வகையில் தமிழ் எழுத்துரு இல்லை. புதிய மென்பொருள் ஏற்றினால் சிலவற்றில் வரும், சீனச் சந்தைக்கென்று வந்த பட்டிகளில் வராமலும் போகும்.

செயலியில் உங்கள் பாதை யாருக்குத் தெரியும் என்பதையும் அன்றே பாருங்கள். ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் படையினரின் ஓட்டப் பாதைகளிலிருந்து முகாம்கள் துலங்கியது 2018இல் பெரிய செய்தியானது. ஒரே ஒழுங்கையில் ஒரே நேரத்தில் தனியே நடக்கும் பெண்ணுக்கு அதைவிடக் கிட்டிய காரணம் இருக்கிறது. தொடங்கும், முடியும் இடங்களைச் சுற்றிச் சில நூறு மீற்றரை மறைக்கும் வசதி அமைப்புகளில் உண்டு. பார்ப்போர் பட்டியலையும் "நான் மட்டும்" என்று ஆக்கிவிடலாம்.

சார்ஜ் வயரைக் கேட்டு வாங்க மறக்கவேண்டாம். ஒவ்வொரு வகைக்கும் அதன் காந்தத் தலை வேறு. மருமகன் போய்ச் சேர்ந்தபிறகு அதே வயரை நகரில் தேடிக் கடைகடையாக அலைவதும் நடைக் கணக்கில்தான் சேரும், ஆனால் மணிக்கூட்டில் அப்போது சார்ஜ் இருக்காது.